வாரியல் ஜட்ஜம்மாவும் ஒரு புதுச் சாரமும்

தூத்துக்குடிப் பையன்கள் கடலுக்குப் பயப்பட மாட்டார்கள். போலீசுக்குப் பயப்பட மாட்டார்கள். பெற்ற தகப்பனுக்குப் பயப்படுகிற வழக்கம் ஊரைவிட்டே போய் வெகுநாளாகிறது. இப்பேர்ப்பட்ட பையன்கள் அத்தனை பேரையும் இரண்டு வருடம் நடுங்க வைத்தவர், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில், மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாள். அவருக்கு அதட்டிப் பேசத் தெரியாது. எல்லாரையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். அவருடைய ஒரே ஆயுதம் வாரியல். துடைப்பத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

அவர் எங்கள் கோர்ட்டு மாஜிஸ்திரேட். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மாறுதலாகி வந்தவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் பயன்பட்டது. கோர்ட்டு வாசல் டீக்கடையிலிருந்து மீன் ஏலக்கூடம் வரை, வாரியல் ஜட்ஜம்மா என்றால்தான் ஆளுக்கு விளங்கும். நான் அவருக்கு ஸ்டெனோ. அவர் சொல்லச் சொல்ல எழுதி, டைப் அடித்து, கையெழுத்துக்கு நீட்டுவது என் வேலை. என் சர்வீசில் பதினோரு மாஜிஸ்திரேட்டுகளைப் பார்த்திருக்கிறேன். மற்ற பத்துப் பேரும் அபராதம், சிறை என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்கள். இந்த அம்மாவுக்கு அவை போதவில்லை.

வந்த முதல் வாரமே நான்கு கல்லூரிப் பையன்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, நடுவில் அகப்பட்ட டீக்கடையின் கிளாஸ்களை உடைத்த கேஸ். நான்கு பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அபராதம் கட்டிவிட்டு மேட்னி ஷோவுக்குப் போகிற அவசரம் அவர்கள் முகத்தில் இருந்தது. அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் யார் கூட்டிப் பெருக்குவது என்று முதல் பையனைக் கேட்டார். அம்மா என்றான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாளில்? அக்கா என்றான். அக்கா கல்யாணமாகிப் போய்விட்டால்?

பையன் கொஞ்சம் யோசித்தான். “அதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆயிரும்மா.”

கோர்ட்டே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. டவாலியைப் பார்த்தார். கூண்டுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைத்தான் டவாலி என்போம். அவர் போய் கோர்ட்டு வாரியலை எடுத்துவந்தார். அம்மா நாற்காலியை விட்டு இறங்கி வந்து, எந்த முனையைப் பிடிக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்துப் பாடம் எடுத்தார். அதற்குப் பிறகு உத்தரவு: நால்வரும் பத்து நாள் காலையில் பஸ் ஸ்டாண்டைக் கூட்ட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நன்னடத்தையில் விடுதலை. செய்யாவிட்டால் தண்டனை.

மூன்றாம் நாள் நான்கு தாய்மார்களும் ஒரே ஆட்டோவில் சொந்த வாரியலோடு வந்து இறங்கிவிட்டார்கள். அவர்கள் கூட்ட, மகன்கள் திண்டில் உட்கார்ந்து வடை தின்றார்கள். ஜட்ஜம்மா காலையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கேன்வாஸ் ஷூவில் வாக்கிங் போவார். மாறுவேடம் என்று அவருக்கு நினைப்பு. ஊருக்கே அடையாளம் தெரியும். வடை சகிதம் பையன்களைப் பிடித்துவிட்டார். அன்றைக்கே உத்தரவில் ஒரு பத்தி கூடியது: இதனைத் தாய், சகோதரி, அத்தை, சித்தி ஆகியோர் நிறைவேற்றித் தரலாகாது. அடுத்த மாதம் வேறொருவன் அந்தப் பட்டியலை நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, அதில் இல்லாத உறவான அண்ணன் பெண்டாட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் மறுபடி உட்கார்ந்து ‘மதினி’ என்று ஒரு சொல் சேர்த்து அடித்தேன். அந்தச் சொல் இடம்பெற்ற கோர்ட்டு உத்தரவு வேறெங்காவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

சைலன்சரைக் கழற்றிவிட்டு பைக்கில் தெருத் தெருவாக உறுமிக்கொண்டு போன ஒருவனுக்கு, அங்கன்வாடியில் ஒரு வாரம் மதியம் குழந்தைகளைத் தூங்க வைக்கும் வேலை கொடுத்தார். பன்னிரண்டு குழந்தைகள். ஒன்று விழித்தாலும் அன்றைய கணக்கு செல்லாது. நான்காம் நாள் அவன் கண்ணெல்லாம் குழிவிழுந்து கோர்ட்டுக்கு வந்து நின்றான்.

“அம்மா, ஜெயில்லயே போட்டுருங்கம்மா. அந்தப் பன்னெண்டுல ஒரு பொம்பளப்பிள்ள இருக்கா. கண்ண மூடவே மாட்டேங்கா.”

வக்கீல்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கட்சிக்காரனுக்கு அபராதமே போதும் என்று வாதாடினால் பேர் கிடைக்கும். மதினி வரக் கூடாதா என்று வாதாடினால் என்ன பேர் கிடைக்கும்? எனக்கும் பிடிக்கவில்லை என்பதை மறைப்பானேன். மற்ற கோர்ட்டு ஸ்டெனோக்கள் ஐந்து மணிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். நான் அங்கன்வாடியில் எத்தனை பாய் இருக்கிறது என்று அடித்துக்கொண்டிருப்பேன். மனசுக்குள் அம்மாவைத் திட்டிக்கொண்டேதான் அடிப்பேன்.

இப்படியிருக்கும்போதுதான் ரீகன் வந்தான். மணப்பாட்டுப் பையன், பத்தொன்பது வயது. கப்பல் வேலைக்குப் படித்து, தேறி, கம்பெனியில் ஆளெடுத்தும் ஆயிற்று. அந்தச் சந்தோஷத்தில் சிநேகிதனுடைய பைக்கை வாங்கிக்கொண்டு தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் பறந்திருக்கிறான். தலையில் மீன் பெட்டியோடு சாலையைக் கடந்த மிக்கேலம்மாள் மேல் இடித்துவிட்டான். பெட்டி ஒரு பக்கம், மிக்கேலம்மாள் ஒரு பக்கம். அவளுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அவன் ஓடிப்போகவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவன்தான். அதையும் போலீசார் எழுதியிருந்தார்கள்.

ஆறு வாரத்தில் அவன் மும்பைக்குப் போய்க் கப்பலேற வேண்டும். தண்டனை என்று ஒரு வரி விழுந்துவிட்டால் கம்பெனி அவனைத் தொடாது. அவனுடைய அம்மா கடைசி பெஞ்சில் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ரீகன் ஒன்றையும் மறைக்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டதால், மிக்கேலம்மாள் கோர்ட்டுப் படியேற வேண்டிய அவசியமே வரவில்லை.

மிக்கேலம்மாளின் கட்டுப் பிரித்ததும் பத்து நாள் காலையில் அவளோடு போய்ப் பெட்டி சுமக்க வேண்டும் என்றார் அம்மா. அதோடு விடவில்லை. கடைசியாக என்ன புத்தகம் படித்தாய் கண்ணு என்று கேட்டார். கப்பலில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்கிற புத்தகம் என்றான். அம்மா தன் பையிலிருந்து கடலைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து நீட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: “மேற்படி புத்தகத்தை வாசித்து, சாரத்தை அடுத்த வாய்தாவில் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும்.” அடுத்த வாய்தா, அவன் மும்பைக்கு ரயிலேற வேண்டிய நாளுக்கு நான்கு நாள் முந்தி.

அன்று மதியம் ரீகன் என் மேசைக்கு வந்தான். நான் மதினி கேஸில் மூழ்கிக் கிடந்தேன், தலையை நிமிர்த்தவில்லை.

“சார், அந்த சாரம் வெள்ளையா இருக்கணுமா, கட்டம் போட்டதா?”

தாளைக் கேட்கிறான் என்று நினைத்தேன். வெள்ளையே நன்றாயிருக்கும், கோர்ட்டுக்கு அதுதான் மரியாதை என்றேன்.

“புதுசாத்தான இருக்கணும் சார்?”

“பின்ன, பழசையா கோர்ட்டுக்குக் குடுப்ப? போடே.”

இந்தச் சம்பாஷணையில் தவறு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

பத்து நாளும் ரீகன் பெட்டி சுமந்தான். நன்னடத்தை அலுவலர் மிக்கேலம்மாளைப் பார்த்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். பையன் நேரம் தவறாமல் வருகிறான்; ஆனால் பெண்கள் கொஞ்சம் கெஞ்சினால் கூறுக்கு மேல் இரண்டு மீனை அள்ளிப் போட்டுவிடுகிறான்; இவனை இன்னும் பத்து நாள் வைத்திருந்தால் தான் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று அவள் சொன்னதாக அதில் எழுதியிருந்தது. அம்மா அதைப் படித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வாய்தா அன்று ரீகன் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான். சாரம் எங்கே கண்ணு என்றார் அம்மா. அவன் ஒரு ஜவுளிக்கடைப் பையை டவாலியிடம் கொடுத்தான். டவாலி மேலே நீட்டினார். அம்மா பைக்குள் கையை விட்டு, அதிலிருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மடிப்புக் கலையாத, லேபிள் பிரிக்காத, ஒரு வெள்ளைக் கைலி.

அரசு வக்கீல் மெல்ல எழுந்து, இது நீதிமன்றத்தைக் கேலி செய்யும் செயல், கையூட்டு என்றும் கொள்ள இடமிருக்கிறது என்றார். ரீகனின் வக்கீல் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் அவரைப் பார்த்தான். அம்மா குரலை உயர்த்தவில்லை. ஆனால் ‘கண்ணு’ போய்விட்டது.

“மிஸ்டர் ரீகன், இதென்ன?”

“சாரம்மா. நீங்க கேட்டதுதான்.”

அம்மாவின் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பி, எதிரி உத்தரவை நிறைவேற்றத் தவறியதோடு நீதிமன்றத்தை இழிவுபடுத்தும் வகையில், என்று சொல்ல ஆரம்பித்தார். நானும் அடிக்க ஆரம்பித்தேன். ‘இழிவு’ வரை அடித்தாயிற்று. அப்போதுதான் வெள்ளையா, கட்டம் போட்டதா என்று அவன் கேட்டது எனக்கு விளங்கியது. விரல் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்தில் கைலிக்குப் பெயர் சாரம். வேறு பெயரே கிடையாது. கடைக்காரர் சாரம் என்றுதான் விற்பார், கட்டுகிறவன் சாரம் என்றுதான் கட்டுவான். கோயம்புத்தூர்க்கார அம்மாவுக்கு அது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாரும் வேட்டி. கோர்ட்டுத் தாளிலோ சாரம் என்றால் சாராம்சம். அந்தப் பையன் சந்தேகம் வந்து நேரே என்னிடம்தான் கேட்டிருக்கிறான். வெள்ளையில் புதிதாக வாங்கிவரச் சொன்னவன் நான்.

ஸ்டெனோ என்பவன் கோர்ட்டு நடக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், கட்சிக்காரனுக்குத் தப்பான யோசனை சொன்னதற்கு எனக்கு மெமோ வரும். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. நான் எல்லாவற்றையும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். கடைசி பெஞ்சில் ரீகனுடைய அம்மாவின் செபமாலை நின்றுபோயிருந்தது. நான் எழுந்தேன்.

தப்பு என்னுடையது என்று சொல்லி, மேசையருகே நடந்ததை அப்படியே ஒப்பித்தேன். அம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. டவாலியைப் பார்த்து, இந்த ஊரில் சாரம் என்றால் என்னங்க என்று கேட்டார்.

டவாலி விறைப்பாக நின்று பதில் சொன்னார். “நான் வீட்டுக்குப் போயிக் கட்டுததும்மா.”

கோர்ட்டிலிருந்த அத்தனை தலைகளும் ஆமாம் என்று ஆடின. அரசு வக்கீலின் தலையும் ஆடியது, அவரும் கோவில்பட்டிக்காரர்தான். அம்மா கைலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டில் கயிற்றில் தொங்கிய கண்ணாடி ஆடியது.

“சரி கண்ணு. புத்தகத்தைப் படிச்சியா இல்லையா?”

“வாசிக்கச் சொன்னீங்கல்லா. வாசிச்சேம்மா.”

எழுதிக்கொண்டு வர இன்னொரு வாய்தா கேட்டார் அவனுடைய வக்கீல். கப்பல் வாய்தாவுக்குக் காத்திருக்காது என்பது அம்மாவுக்கும் தெரியும். வாயால் சொல்லட்டும் என்றார். ரீகன் முதலில் தடுமாறினான். பிறகு சூடு பிடித்துவிட்டது. ஐந்தாம் பாடம் வந்ததும் புத்தகத்தோடு சண்டைக்கே போய்விட்டான். சங்கு குளிக்கிறவன் பல்லில் கத்தியைக் கடித்துக்கொண்டு முங்குவான் என்று போட்டிருக்கிறதாம். தன் மாமா இன்றைக்கும் சங்கு குளிக்கிறார், பல்லில் கத்தியை வைத்தால் மூச்சை எப்படி அடக்குவது, இதை எழுதினவர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத ஆள் என்றான். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் போயிருக்கும். புத்தகம் முடிந்தது. அவன் போகவில்லை.

“அம்மா, ஒண்ணு கேக்கலாமா?”

கேள் கண்ணு என்றார்.

“மிக்கேலம்மாக்காவுக்குக் கை முழுசாச் சரியாவல. நடந்துருதாவ, விக்கிதாவ, எல்லாஞ் செய்யுதாவ. பெட்டியத் தலைக்குத் தூக்க மட்டும் முடியல. யாராவது தூக்கி விடணும். பத்து நாளும் நான் சொமந்தேன். நான் கப்பலுக்குப் போயிட்டா யாரு தூக்கி விடுவா?”

அம்மா பேனாவை மூடித் திறந்தார். பிறகு நன்னடத்தையில் விடுவித்து உத்தரவு சொன்னார். நான் ‘இழிவு’ வரை அடித்ததை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தேன். கைலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மெமோ வரவில்லை. உங்க ஊர்ச் சொல்லெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க என்று மட்டும் கேட்டார். ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ரீகன் கப்பலேறிப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். அவசரமான ஒரு கையெழுத்துக்காக விடிந்ததும் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வாக்கிங் போயிருக்கிறார் என்றார்கள். கடற்கரைச் சாலையில் தேடிக்கொண்டு போனால், மீன் ஏலக்கூடத்தின் வாசலில் தலையில் துண்டு, காலில் கேன்வாஸ் ஷூ. எங்கள் மாஜிஸ்திரேட் குனிந்து மீன் பெட்டியின் ஒரு விளிம்பைப் பிடித்திருந்தார். எதிர்ப்பக்கம் மிக்கேலம்மாள், இடது கையால்.

“ஒசத்திப் புடி ஏளா. காலையில கஞ்சி குடிக்கலியா?” என்று மிக்கேலம்மாள் அதட்டிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கே தெரிந்த அந்த மாறுவேடம் அவள் ஒருத்தியிடம் பலித்திருந்தது. அம்மா எக்கி, மூச்சைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பெட்டித் தண்ணீர் அவருடைய தோளெல்லாம் வழிந்தது. மிக்கேலம்மாள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். அப்போதுதான் அம்மா என்னைக் கவனித்தார். கையைத் துண்டில் துடைத்து, நான் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

“நாளைக்கு எனக்கு மதுரையில மீட்டிங்குங்க. நீங்க வந்து தூக்கி விட்டுருவீங்களா?”

ஆர்டரா அம்மா என்று கேட்டேன்.

“ஆர்டர்னா டைப் அடிக்கச் சொல்லியிருப்பேனுங்க. கேக்கறேன்.”

நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரன். எங்கள் வீட்டில் மீன் என்ற பேச்சு ராசிபலன் பார்க்கும்போது மட்டும்தான் வரும். மறுநாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். பெட்டியைச் சரித்துவிட்டேன். மிக்கேலம்மாள் என் பரம்பரையை விசாரித்தாள். முந்தின நாள் வந்த குள்ளச்சியே தேவலை என்றாள். வேறு எந்த மாஜிஸ்திரேட் கேட்டிருந்தாலும் அன்றோடு விட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் நான். கோர்ட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பிறகு அவருக்கு மாறுதல் வந்தது. நான்தான் ரயிலில் ஏற்றிவிட்டேன்.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். மிக்கேலம்மாளின் மணிக்கட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இன்று காலையும் பெட்டியைத் தூக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.